மேலே போகிற பைலட்டுக்கு உங்கள் ட்ரோன் தெரியாது

போன இதழில் கல்யாண மண்டபங்களில் பறக்கும் ட்ரோன்களைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதப்போக, கடிதமும் வாட்ஸ்அப்புமாகக் குவிந்துவிட்டது. பாதிப் பேர் எந்த மாடல் வாங்கலாம், என்ன விலை என்று கேட்டிருக்கிறீர்கள். அதைக் கடைக்காரரிடம் கேளுங்கள், அவர் பிழைப்பை நான் கெடுப்பானேன். மீதிக் கடிதங்களில் உருப்படியான கேள்விகள் நிறைய இருந்ததால் இந்த முறை பகுதி முழுக்க ட்ரோன்தான். இன்வெர்ட்டர் பேட்டரி பற்றிக் கேட்டவர்கள் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு பழவந்தாங்கலில். பிளஸ் டூ முடித்த என் பையன், அவன் சித்தப்பா வாங்கிக் கொடுத்த ட்ரோனை மொட்டை மாடியிலிருந்து விடுகிறான். கேட்டால் “விமானம் எங்கேயோ உயரத்தில் போகுது, இது தென்னை மர உயரம்தாம்மா” என்கிறான். கீழ்வீட்டுக்காரரோ போலீஸ் வரும் என்று பயமுறுத்துகிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, பழவந்தாங்கல்

பதில்: கீழ்வீட்டுக்காரர் சொல்வதுதாம்மா சரி. நீங்கள் இருக்கும் இடம் மீனம்பாக்கத்துக்குக் கூப்பிடு தூரம். ட்ரோன் வரைபடத்தில் அந்தப் பகுதி சிவப்பு. சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எந்த எடையிலும், எந்த உயரத்திலும் ட்ரோன் கூடாது, தென்னை மர உயரமும் அதில் அடக்கம். ஆனால் போலீஸ் வரும் என்று மட்டும் சொன்னால் இந்த வயதுப் பையன் கேட்கமாட்டான், அதனால் கணக்கையும் சொல்கிறேன், அவனிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

தரையிறங்கும் பயணிகள் விமானம் பொதுவாக 3 டிகிரி சரிவில் வருகிறது. ஓடுபாதை தொடங்கும் இடத்திலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி அதன் உயரம் சுமார் 275 மீட்டர். 2 கிலோமீட்டர் தூரத்துக்கு வந்துவிட்டால் ஏறக்குறைய 120 மீட்டர், அதாவது 400 அடி. மற்ற ஊர்களில் ட்ரோனுக்கு அனுமதித்திருக்கிற உச்ச உயரமும் அதே 400 அடிதான். உங்கள் மாடியில் நின்று பார்த்தால் விமானத்தின் வயிற்றில் இருக்கும் எழுத்தைப் படிக்க முடிகிறதே, அது எங்கேயோ உயரத்தில் போகிற விமானமா?

அடுத்தது வேகம். இறங்கும் நேரத்தில் அது மணிக்கு 250 கிலோமீட்டர், நொடிக்கு 70 மீட்டர். பைலட் ஒரு பொருளைக் கண்ணால் பார்த்து, அது என்னவென்று புரிந்து, மோதப்போகிறது என்று முடிவு செய்து, கையை அசைத்து, விமானமும் அதற்குக் கட்டுப்பட்டு விலக, எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டரை நொடி ஆகும் என்பது விமானத்துறையில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. அந்த நேரத்துக்குள் விமானம் முக்கால் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிடும். அவ்வளவு தூரத்தில் ஒரு முழ அகலம்கூட இல்லாத சாம்பல் நிறப் பொருள், கீழே கட்டடங்கள் மண்டிக் கிடக்கிற பின்னணியில், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தெரியும் தூரத்துக்கு வரும்போது பைலட் கையில் மூன்று நான்கு நொடிகூட மிச்சம் இருக்காது. சிறிய ட்ரோன்கள் பெரும்பாலும் விமான நிலைய ரேடாரிலும் சிக்குவதில்லை.

ஆக, இருவரில் ஒருவருக்குத்தான் அடுத்தவர் தெரிகிறார். விமானம் வரும் சத்தம் உங்கள் பையனுக்குக் கேட்கிறது, கண்ணுக்கும் தெரிகிறது. பைலட்டுக்கு அவனைத் தெரியாது. இந்தியாவின் ட்ரோன் விதிகள், 2021-இல் மனிதர் பயணிக்கும் விமானத்தின் வழியில் ட்ரோன் குறுக்கிடக் கூடாது, விலகியே இருக்க வேண்டும் என்று ஒருதலைப்பட்சமாக எழுதி வைத்திருப்பது அதனால்தான். ஒதுங்க வேண்டிய பொறுப்பு முழுக்கக் கீழே ரிமோட்டை வைத்திருப்பவருடையது.

தென்னை மர உயரத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. ரிமோட்டுக்கும் ட்ரோனுக்கும் தொடர்பு அறுந்தால் பல மாடல்கள் தானாக வீடு திரும்பும். திரும்புவதற்கு முன்னால் மரம், கட்டடத்தில் இடிக்காமல் இருக்க, செட்டிங்ஸில் போட்டிருக்கும் உயரத்துக்கு முதலில் ஏறும். அந்த எண் பல சமயம் 100 மீட்டர் என்றுகூட இருக்கும். பையன் தென்னை மர உயரத்தில் விட்டாலும் சிக்னல் போன நிமிடம் அது எங்கே போய் நிற்கும் என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள்.

ட்ரோனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டாம். டிஜிட்டல் ஸ்கை என்கிற மத்திய அரசின் ட்ரோன் இணையதளத்தில் வரைபடம் இருக்கிறது, பச்சைப் பகுதியைக் கண்டுபிடிக்கும் வேலையை அவனிடமே விடுங்கள். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி உயரத்துக்குள் பச்சை, அதற்கு மேலே மஞ்சள். மஞ்சள் என்றால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேண்டும். 12 கிலோமீட்டரைத் தாண்டி, வேறு தடையும் இல்லாத இடம் என்றால் 400 அடி வரை பச்சை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பாவையே அழைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், வாங்கிக் கொடுத்தவர் அவர்தானே.

கேள்வி: என்னுடையது 249 கிராம் ட்ரோன், துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்தது. 250 கிராமுக்குக் கீழே இருந்தால் எந்தச் சட்டமும் இல்லை என்கிறார்களே, உண்மையா? கல்யாண ஆர்டருக்குத்தான் பயன்படுத்துகிறேன்.
– வீடியோகிராபர், கும்பகோணம்

பதில்: “எந்தச் சட்டமும் இல்லை” என்று உங்களுக்குச் சொன்னவர் பாதியைத்தான் படித்திருக்கிறார். 250 கிராம் வரை நானோ வகை. அதை ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம், மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம் இல்லை. ஆனால் சிவப்பு, மஞ்சள், பச்சை என்கிற பகுதிக் கட்டுப்பாடு எல்லா எடைக்கும் பொது. விமானத்துக்கு வழிவிடுவதும் அப்படித்தான். மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று விதிகளில் இருக்கிறது.

மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை: 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில காரியங்களுக்கு மட்டும் விலக்கு, கல்யாணம் அதில் வராது. அடுத்த முறை அவர் வரும்போது பேரீச்சம்பழம் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது அந்த 249-ஐப் பார்ப்போம். பெட்டியில் வந்த பேட்டரியோடு எடை போட்டால்தான் 249. முகூர்த்தம் முடியும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்று கூடுதல் நேரம் ஓடும் பெரிய பேட்டரியை மாட்டினால் சில மாடல்கள் 290 கிராமை நெருங்கிவிடும். மண்டபத்துக்குள் சரவிளக்கில் இடிக்காமல் இருக்க இறக்கைக்குக் காப்பு வளையம், வெயிலுக்கு லென்ஸில் பில்டர், மணமக்கள் தலையில் பூப்போட ஒரு கிளிப். விதி பார்ப்பது இவை எல்லாம் சேர்ந்த மொத்த எடையைத்தான். 250-ஐத் தாண்டிய நிமிடம் அது மைக்ரோ வகை, அதைக் காசு வாங்கிக்கொண்டு ஓட்டுவதற்குச் சான்றிதழ் வேண்டும். சமையலறைத் தராசில் ஒரு தடவை நீங்களே வைத்துப் பாருங்கள்.

எடை குறைவு என்றால் ஆபத்தும் குறைவு, அது உண்மை. ஆபத்தே இல்லை என்பது பொய். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸின் பாலிசேட்ஸ் பகுதி எரிந்துகொண்டிருந்தபோது, கனடாவின் கியூபெக் மாகாணம் இரண்டு சூப்பர் ஸ்கூப்பர் விமானங்களை அனுப்பியிருந்தது. கடலை உரசிக்கொண்டே போய் ஒரே அள்ளலில் ஆறாயிரம் லிட்டர் தண்ணீரை எடுத்துத் தீயில் கொட்டுகிற ரகம். தீ எப்படி எரிகிறது என்று பார்க்க ஒருவர் சாண்டா மோனிகாவில் ஒரு பார்க்கிங் கட்டடத்தின் உச்சியிலிருந்து சின்ன ட்ரோன் ஒன்றை இரண்டரை கிலோமீட்டர் தூரத்துக்கு அனுப்பினார். கண்ணிலிருந்து மறைந்தது. ஜனவரி 9 அன்று அது அந்த விமானங்களில் ஒன்றின் இடது இறக்கையில் மோதி, கை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டது. விமானம் பத்திரமாக இறங்கிவிட்டது. ஆனால் பழுது பார்த்து முடிக்கும்வரை, ஊர் எரிகிற நேரத்தில், அது தரையிலேயே நின்றது. ட்ரோனை விட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், செலவு 65,000 டாலருக்கு மேல்.

அப்புறம், தாராசுரம் போன்ற தொல்லியல் துறைக் கோயில்களில் முன்கூட்டிய அனுமதி இல்லாமல் ட்ரோனை எடுக்காதீர்கள். ப்ரீ வெட்டிங் என்று மாப்பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும்.

கேள்வி: விமானத்தில் பறவைகள் மோதுவது அடிக்கடி நடக்கிறது. ஒன்றும் ஆவதில்லை. ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்கு ஏன் இவ்வளவு அமர்க்களம்?
– பொறியியல் மாணவர், கோவை

பதில்: தம்பி, “ஒன்றும் ஆவதில்லை” என்பதை 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் ஏ320 விமானத்தில் இருந்த 155 பேரிடம் சொல்லிப் பாருங்கள். வாத்துக் கூட்டம் இரண்டு இன்ஜினுக்குள்ளும் போனதால் ஹட்சன் ஆற்றில் இறக்க வேண்டியதாயிற்று. பைலட்டின் திறமையால் எல்லாரும் பிழைத்தார்கள்.

பறவை என்பது பெரும்பாலும் தண்ணீரும் சதையும். அந்த வேகத்தில் மோதும்போது அது சிதறிப் பரவிவிடும். ட்ரோனில் அப்படிச் சிதறாத பொருள்கள் உண்டு: உலோக மோட்டார் நான்கு, கேமரா, நடுவில் செங்கல் மாதிரி லித்தியம் பேட்டரி. அமெரிக்காவின் டேட்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தார் 2018-இல் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான ட்ரோனை, ஒரு சிறு விமானத்தின் இறக்கைமேல் மணிக்கு 383 கிலோமீட்டர் வேகத்தில் சுட்டுப் பார்த்தார்கள். இறக்கையின் முன் விளிம்பைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய், இறக்கையைத் தாங்கும் முதுகெலும்பான பிரதான உத்திரத்தையே சேதப்படுத்தியது. அதே எடையில் ஜெலட்டினால் செய்த பறவையைச் சுட்டபோது வெளியே பார்க்கச் சேதம் பெரிதாக இருந்தது, ஆனால் அவ்வளவு ஆழம் போகவில்லை.

நிஜத்தில் அவ்வளவு வேகத்தில் மோதல் நடக்க வாய்ப்பே குறைவு என்று அந்த ட்ரோனைத் தயாரித்த நிறுவனம் சண்டைக்கு வந்தது. அந்த வாதத்தை முழுக்கத் தள்ளிவிட முடியாது. சிறு விமானம் தன் உச்ச வேகத்தில் போகிற உயரத்தில் ட்ரோன் இருக்கக் கூடாதுதான். ஆனால் இறக்கைக்குள் ட்ரோன் எப்படிப் போகிறது, பறவை எப்படிப் போகிறது என்கிற வித்தியாசம் அப்படியே நிற்கிறது. இன்னொன்று, ஜெட் இன்ஜினுக்குச் சான்று கொடுக்கும் முன் பறவையை உள்ளே விட்டுச் சோதிப்பது கட்டாயம். ட்ரோனை விட்டுச் சோதிக்கும் கட்டாயம் இல்லை. பறவையைத் தாங்கும் என்று தெரிந்த இன்ஜின் ட்ரோனையும் தாங்கும் என்று நம்ப ஆதாரம் என்ன என்பதை உங்கள் புரொபசரிடம் கேட்டு எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக் பக்கம் நின்று பள்ளத்தாக்குக்கு மேலே ட்ரோன் விட்டோம். ஆப்பில் உயரம் 110 மீட்டர் என்றுதான் காட்டியது. 120-க்குள் இருக்கிறோம், பிரச்சினை இல்லையே?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: ஆப்பில் காட்டுவது நீங்கள் ட்ரோனைக் கிளப்பிய இடத்திலிருந்து உள்ள உயரம். விதி கேட்பது ட்ரோனுக்கு நேர் கீழே இருக்கும் தரையிலிருந்து உள்ள உயரம். மைதானத்தில் இரண்டும் ஒன்று. மலை விளிம்பில் நீங்கள் 110 மீட்டர் ஏற்றி, பள்ளத்தாக்கின் பக்கம் முன்னால் செலுத்தினால், காலுக்குக் கீழே தரை சரிந்துகொண்டே போகிறது, ஆப்பில் எண் மாறாது, உண்மையான உயரம் பல நூறு மீட்டர் ஆகிவிடும். ஹெலிகாப்டரோ சிறு விமானமோ பள்ளத்தாக்கு வழியாக வந்தால் அது சட்டப்படி பறக்கும் உயரத்தில் உங்கள் ட்ரோன் நிற்கும்.

400 அடி என்கிற எண்ணுக்கே காரணம் அதுதான். மனிதர் ஓட்டும் விமானங்கள் பொதுவாக 500 அடிக்குக் கீழே வரக் கூடாது, நெரிசலான ஊருக்கு மேல் இன்னும் அதிகம். நடுவில் நூறு அடி இடைவெளி. அந்த நூறு அடியை நம்பித்தான் இரண்டு தரப்பும் பறக்கின்றன. மேல் நோக்கிய சரிவில் இதற்கு நேர்மாறு, ஆப்பில் 110 காட்டிக்கொண்டே ட்ரோன் யூகலிப்டஸ் மரத்தில் போய்ச் சொருகும். காட்டுப் பகுதி என்றால் வனத்துறை தனி. பனிமூட்டம் இறங்கினால் எதையும் யோசிக்காமல் இறக்கிவிடுங்கள்.

கேள்வி: பெட்டியில் 10 கி.மீ. ரேஞ்ச் என்று போட்டிருக்கிறது. கரையில் நின்றபடியே பாம்பன் பாலத்தை முழுக்கச் சுற்றி வரலாமா? என் சேனலுக்கு வியூஸ் நன்றாக வரும்.
– யூடியூபர், ராமநாதபுரம்

பதில்: பெட்டியில் போட்டிருப்பது ரேடியோ அலை எவ்வளவு தூரம் எட்டும் என்பது. உங்கள் கண் எவ்வளவு தூரம் எட்டும் என்று அதில் போடவில்லை. நடுத்தர அளவு ட்ரோன் ஐந்நூறு மீட்டர் போனாலே புள்ளியாகிவிடும், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றே தெரியாது. அதற்கு மேல் நீங்கள் பார்ப்பதெல்லாம் திரையில் வருவதை மட்டும். கேமரா முன்னால் பார்க்கும், பக்கவாட்டில் வருகிற ஹெலிகாப்டர் அதில் விழாது.

2017 செப்டம்பர் 21 மாலை நியூயார்க்கில் நடந்ததைக் கேளுங்கள். ஐ.நா. பொதுச்சபைக்கு அமெரிக்க அதிபர் வந்திருந்ததால் அந்த வான்பகுதியில் தற்காலிகத் தடை. ஸ்டேட்டன் தீவுக் கடற்கரையோரம் ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் ஏறக்குறைய 300 அடியில் போய்க்கொண்டிருந்தது. ஒருவர் நாலு கிலோமீட்டர் தள்ளி நின்று ஓட்டிய பான்டம் 4 ட்ரோன் அதன் மேல் விசிறியில் மோதியது. தடை இருந்தால் ஆப் எச்சரிக்கும் என்று நம்பியிருந்தார். அவருடைய டேப்லெட்டில் அப்போது இணைய இணைப்பு இல்லை, ஆப்பும் வாயைத் திறக்கவில்லை. சிக்னல் போனதும் பேட்டரி தீர்ந்து கடலில் விழுந்திருக்கும் என்று நினைத்து வீட்டுக்குப் போய்விட்டார். ஹெலிகாப்டரில் சிக்கிக் கிடந்த ஒரு மோட்டாரின் வரிசை எண்ணை வைத்து விசாரணை அதிகாரிகள் அவரைத் தேடிப் போய்ச் சொன்ன பிறகுதான், தான் ஒரு ஹெலிகாப்டரை இடித்ததே அவருக்குத் தெரிந்தது.

உங்கள் ஊரில் உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து தளம் இருக்கிறது. ஹெலிகாப்டர் கரையோரமாகத் தாழ்ந்து போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வரைபடத்தைத் திறந்து பாருங்கள், பாலம் இருக்கும் இடத்தின் நிறம் என்னவென்று. அனுமதி தேவை என்றால் எழுதிக் கேளுங்கள், கிடைத்தால் பாலத்துக்குப் பக்கத்தில் போய் நின்று கண்ணெதிரே ஓட்டுங்கள். கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு ட்ரோன் விடுவது நம் நாட்டில் நடக்காமல் இல்லை. 2021-இல் தெலங்கானாவின் விகாராபாத்தில் மருந்துப் பெட்டிகளை அப்படி அனுப்பிப் பார்த்தார்கள். அது தனி அனுமதி வாங்கி, வான்பகுதியை ஒதுக்கிச் செய்தது. வியூஸுக்காகச் செய்வதோடு அதைச் சேர்க்க முடியாது.

கேள்வி: சுய உதவிக் குழு மூலம் பயிற்சி எடுத்து வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன் ஓட்டுகிறேன். பயிருக்கு மேலே ஆளுயரம், இல்லை அதற்குக் கொஞ்சம் மேலேதான் பறக்கிறது. எனக்கு விமானத்தைப் பற்றிய கவலை வேண்டுமா? பக்கத்து வயலிலும் ஒரு ட்ரோன் ஓடும்போது பயமாக இருக்கிறது.
– வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: முதலில் ஒரு சபாஷ். 2023 நவம்பரில் 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் என்று நமோ ட்ரோன் தீதி திட்டத்தை அறிவித்தபோது, ஓட்டத் தெரிந்தவர்கள் எங்கே என்று கேட்டவர்கள் நிறைய. இன்று மொட்டை மாடிப் பையன்களைவிட உங்களைப் போன்றவர்கள் ஒழுங்காக ஓட்டுகிறீர்கள், ஏனென்றால் பயிற்சி எடுத்துச் சான்றிதழோடு வருகிறீர்கள்.

பயிருக்கு மேல் இரண்டு மூன்று மீட்டரில் ஓடும்வரை உங்களுக்கு எதிரி ஈ.பி. கம்பிதான், விமானம் இல்லை. கம்பத்தைப் பார்த்துவிடலாம், கம்பத்திலிருந்து பம்ப்செட்டுக்குக் குறுக்கே போகிற ஒற்றைக் கம்பி காலை வெயிலில் தெரியாது. தொடங்கும் முன் வரப்போரமாக ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுங்கள்.

ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் உடனே செய்ய வேண்டியது, இருக்கிற இடத்திலேயே ட்ரோனைக் கீழே இறக்குவது. பதற்றத்தில் பலர் ‘ரிட்டர்ன் டு ஹோம்’ பொத்தானை அழுத்துகிறார்கள். பழவந்தாங்கல் அம்மாவுக்குச் சொன்னதுதான், அந்தப் பொத்தான் பல மாடல்களில் ட்ரோனை முதலில் மேலே ஏற்றும். ஹெலிகாப்டர் வரும் நேரத்தில் நீங்களே அதன் பாதைக்குள் அனுப்பிவிட்ட மாதிரி ஆகும். உங்கள் ட்ரோனில் அந்தத் திரும்பும் உயரம் எவ்வளவு என்று நாளைக் காலையே செட்டிங்ஸில் பாருங்கள், சுற்றிலும் இருக்கிற மரத்தைத் தாண்டும் அளவுக்கு இருந்தால் போதும்.

பக்கத்து வயல் ட்ரோனுக்கு ஆப் எதுவும் வேண்டாம், வாய் போதும். யார் எந்த வரப்பு வரை, யார் முதலில், டேங்க் நிரப்ப எந்தப் பக்கம் இறங்குவது என்று தொடங்கும் முன் பேசிக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எல்லை வரப்பில் திரும்பாமல், நீங்கள் கிழக்கிலிருந்து தொடங்கினால் அவரும் கிழக்கிலிருந்தே தொடங்கட்டும், இடைவெளி அப்படியே நிற்கும். ட்ரோன் போக்குவரத்தை ஒழுங்குபடுத்த உலகம் முழுக்கப் பெரிய பெரிய மென்பொருள்கள் எழுதுகிறார்கள். அதில் பாதி வேலை, யார் எப்போது எங்கே என்பதை முன்கூட்டியே மற்றவருக்குச் சொல்வதுதான்.

கேள்வி: பக்கத்துத் தெரு ஆள் எங்கள் வீட்டுக்கு மேலே ட்ரோன் விடுகிறார். கல்லால் அடித்து வீழ்த்தலாமா? ஆன்லைனில் ஜாமர் கிடைக்கிறதாமே?
– வாசகர், சேலம்

பதில்: இரண்டும் வேண்டாம். அடிபட்ட ட்ரோன் சுழலும் விசிறியோடு யார் தலையில் விழும் என்று உங்களால் சொல்ல முடியாது. ஜாமர் வைத்துக்கொள்வது தனியாருக்குச் சட்டவிரோதம், அக்கம்பக்கத்து செல்போனையும் ஜிபிஎஸ்ஸையும் சேர்த்துக் கெடுக்கும். நேரத்தோடு வீடியோ எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். அதற்கு முன் ஒரு தடவை நேரில் போய்ப் பேசிப் பாருங்களேன்.

கேள்வி: லண்டன் கேட்விக் விமான நிலையத்தை மூடவைத்த ட்ரோன் ஆசாமி கடைசியில் பிடிபட்டாரா?
– வாசகர், மதுரை

பதில்: இல்லை. 2018 டிசம்பர் 19 இரவு தொடங்கி 21 வரை ஓடுபாதை மூடித் திறந்து மூடி, ஏறக்குறைய ஆயிரம் விமானங்களும் 1,40,000 பயணிகளும் கிறிஸ்துமஸ் நேரத்தில் அல்லாடினார்கள். ஒரு தம்பதியைக் கைது செய்து, தவறான ஆள் என்று விட்டார்கள், பிறகு காவல்துறை அவர்களுக்கு இழப்பீடு கொடுத்தது. ட்ரோன் பறந்ததற்கு ஒரு தெளிவான புகைப்படம்கூடக் கிடைக்கவில்லை. நிஜ ட்ரோனா, பீதியா என்ற சந்தேகம் இன்றும் உண்டு.

பார்த்ததாக ஒருவர் சொன்னால், இல்லை என்று நிரூபிக்கும் கருவி கையில் இல்லாத விமான நிலையத்துக்கு மூடுவதைத் தவிர வழியில்லை. அமெரிக்காவில் ட்ரோன் பறக்கும்போதே தன் அடையாள எண்ணையும் இருப்பிடத்தையும், ஓட்டுகிறவர் இருக்கும் இடத்தையும் ஒலிபரப்ப வேண்டும் என்று கட்டாயமாக்கி, 2024 மார்ச்சிலிருந்து கறாராகச் செயல்படுத்துகிறார்கள். நம் விதிகளிலும் அனுமதி இல்லாமல் கிளம்பாத பூட்டு, இருப்பிடம் காட்டும் வசதி போன்றவற்றைப் பின்னால் கட்டாயமாக்க இடம் வைத்திருக்கிறார்கள். சீக்கிரம் செய்தால் நல்லது என்பது என் கட்சி. ஒழுங்காக ஓட்டுகிறவருக்கு அதில் இழப்பு ஒன்றுமில்லை.

கேள்வி: போன மாதம் ட்ரோன் ஓட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று ஹெலிகாப்டர் ஒன்று தாழ்வாக வந்தது. மோதவில்லை, ஆனால் ரொம்ப நெருக்கம். பச்சைப் பகுதிதான். யாரிடமாவது சொன்னால் என் மேலேயே வழக்குப் போடுவார்களோ என்று சும்மா இருந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டுமா?
– பெயர் வேண்டாம்

பதில்: விபத்து என்றால் 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கை வழியாக டிஜிசிஏ-வுக்கு, அதாவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி தெளிவாக இருக்கிறது. உங்களுடையது விபத்து இல்லை, மயிரிழையில் தப்பியது. அதைச் சொல்வதில் உங்களுக்கு இருக்கிற பயம் புதிதல்ல, அந்தப் பயத்துக்கு ஒரு பெரிய கதையே உண்டு.

1974 டிசம்பர் 1 அன்று, டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514-ஆம் எண் விமானம் வாஷிங்டன் டல்லஸ் நிலையத்துக்கு இறங்க வரும்போது வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். இறங்கலாம் என்ற அனுமதியை, எந்த உயரம் வரை இறங்கலாம் என்பதை, பைலட்டுகள் ஒரு மாதிரியும் கட்டுப்பாட்டு அறை வேறு மாதிரியும் புரிந்துகொண்டதுதான் காரணம். விசாரணையில் தெரிந்தது: ஆறு வாரத்துக்கு முன்னால் வேறொரு நிறுவன விமானம் அதே இடத்தில் அதே குழப்பத்தில் சிக்கி, மலையில் மோதாமல் தப்பியிருக்கிறது. அந்த நிறுவனம் தன் பைலட்டுகளை மட்டும் எச்சரித்தது. செய்தி மற்ற நிறுவனங்களுக்குப் போகவே இல்லை.

அதன் விளைவாக 1976-இல் நாசாவின் பொறுப்பில் ஓர் ஏற்பாடு தொடங்கினார்கள். பைலட், கட்டுப்பாட்டாளர், மெக்கானிக், யார் வேண்டுமானாலும் நடந்ததை எழுதி அனுப்பலாம், பெயரை நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் எல்லாருக்கும் சொல்வார்கள். அபராதம் போடும் துறையிடம் கொடுக்காமல் நாசாவிடம் கொடுத்ததுதான் அதில் சூட்சுமம். எழுதினவர் மாட்டிக்கொள்வதில்லை என்று தெரிந்ததும் கடிதங்கள் குவிந்தன. இப்போது அங்கே ட்ரோன் ஓட்டுகிறவர்களும் அதில் எழுதலாம். நம்மூரிலும் ட்ரோன்காரர்கள் நடந்ததை இப்படிக் கூச்சமின்றி எழுதிச் சொல்லும் வழக்கம் வளர வேண்டும்.

நீங்கள் பச்சைப் பகுதியில், 400 அடிக்குள், கண்ணெதிரே ஓட்டிக்கொண்டிருந்தீர்கள் என்றால் பயப்பட வேண்டிய ஆள் நீங்கள் இல்லை. தேதி, நேரம், இடம், உங்கள் உயரம், ஹெலிகாப்டர் எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போனது என்று எழுதி, ட்ரோனின் பறப்புப் பதிவையும் சேர்த்து, பக்கத்து விமான நிலையத்துக்குத் தெரிவியுங்கள். ஒரு விஷயத்தை மட்டும் முதலில் சரிபார்த்துவிடுங்கள். மாநில அரசோ, எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத காவல் அதிகாரியோ எந்த இடத்தையும் 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்புப் பகுதியாக அறிவிக்கலாம். ஹெலிகாப்டர் அவ்வளவு தாழ்வாக வந்தது என்றால் அன்று யாராவது பெரிய தலை வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. போன வாரம் பச்சை என்று பார்த்தது இன்றைக்குச் செல்லாது, கிளம்பும் முன் அன்றன்று பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் ட்ரோனைக் கண்டாலே பருந்து பாய்ந்து வருகிறது. என்ன செய்வது?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: பருந்து மேலிருந்து கீழே பாய்ந்துதான் அடிக்கும், நேர் மேலே ஏறுவதில் ட்ரோன் அளவுக்கு அதற்கு வேகம் கிடையாது. அதனால் சட்டென்று செங்குத்தாக ஏற்றுங்கள், அது விலகியதும் தள்ளிப் போய் இறக்கிவிடுங்கள். ஏற்றும்போதும் 120 மீட்டரை மறக்க வேண்டாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் பக்கத்து மரத்தில் கூடு இருக்கும், குஞ்சு பறக்கும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.